செல்வி அக்காவும் கென்யாக்காரரும்

இன்று வங்கியின் ஏசி அறையில் ஈரக் கம்பளமும் மல்லிகை ஸ்பிரேயும் கலந்த வாடை அடித்ததும், சாலையை அகலப்படுத்தியதில் காணாமல் போன ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டர் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலி செல்வி அக்கா செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தார். அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு இங்கிலீஷ் அடிக்கத் தெரியும் என்பதால், ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் என்னை அங்கே அழைத்துப் போவார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பிளைவுட் தடுப்புக்குள் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து, கென்யாக்காரர் ஒருவரோடு சாட் செய்வோம். பேச்செல்லாம் பிரவுசரில் ஆடும் குமிழி விளையாட்டில் அடுத்த லெவலுக்குப் போவது எப்படி என்பதுதான்.

ஒருநாள் அவர், அக்கா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். நானாகவே பதில் அடித்தேன்.

"என்னட்டி அடிச்ச?"

"இன்ஜினியர்னு போட்டுக்கீறேன்க்கா."

"அதை அழி. போனுக்குப் பட்டன் வைக்கேன்னு போடு."

மாற்றி அனுப்பினேன். வெகுநேரம் பதில் இல்லை. அவர் போய்விட்டார் என்று நினைத்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். பிறகு எழுத்து வந்தது: அவர் போனின் பின்பக்கம் மேட் இன் இந்தியா என்று போட்டிருக்கிறதாம், எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்தாராம், அக்காவுக்கு நன்றியாம்.

படித்துச் சொன்னேன். அக்கா திரையை நோக்கிக் குனிந்தார்.

"அஞ்சாம் நம்பர்தான் இறுக்கமா இருக்கும். அது சரியா அமுங்குதான்னு கேளு," என்றார்.