புகை அடித்த காலை

வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடிக்குச் செயலாளராக இருக்க யாரும் விரும்பி முன்வருவதில்லை. கூட்டத்துக்குப் பிந்திப் போன பாவத்துக்கு அந்த வேலை என் தலையில் விழுந்தது. தண்ணீர் மோட்டார், குப்பை, லிஃப்ட், டெங்கு நுளம்புக்குப் புகை அடிப்பது எல்லாம் என் பொறுப்பு. புகை அடிக்கும் செய்தியை முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் என் கடமை முடிந்தது. ஐந்தாம் மாடி அங்கிளுக்கு மட்டும் நேரே போய்ச் சொல்ல வேண்டும். அவர் ஃபோனே வைத்திருக்காத மனிதர்.

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு இங்கே தனியாக வந்திருந்தார். மொட்டை மாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், ஒரு மண்பானையைப் படுக்க வைத்துத் தேனீ வளர்த்தார். தேன் எடுத்து நான் பார்த்ததில்லை. பால் விடாத பிளேன்டீயோடு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

"புகை அடிக்கிறதுக்கு முதல் நாள் பின்னேரம் ஒரு சொல் சொல்லிடுங்க மகள்" என்று கேட்டிருந்தார். "இருட்டினதும் எல்லாம் உள்ள வந்துரும். ஈரச் சாக்கால மூடிருவேன். மருந்து அடங்கினப்பிறகு திறந்தாப் போதும்."

இரண்டு தடவை போய்ச் சொன்னேன். இரண்டு தடவையும் பானைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது தடவை, முதலாம் மாடிப் பிள்ளை டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. குழுவில் ஆளுக்கு ஆள் பதறினார்கள். புகை அடிக்கும் ஆட்களைப் பிடித்து மறுநாள் காலையே வரச் சொன்னேன். அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. அங்கிளுக்குக் காலையில் சொல்லலாம் என்று படுத்துவிட்டேன். மறந்துவிட்டதாகத்தான் பிறகு எல்லாரிடமும் சொன்னேன். மறக்கவில்லை. படி ஏறப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது.

ஆறரைக்கே வந்துவிட்டார்கள். அங்கிள் காலைப் பூசைக்குப் போயிருந்தார். மேலேயும் அடிக்கவா என்று மெஷின்காரர் சிங்களத்தில் கேட்டார். மேலே வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஹரி", சரி, என்று தலையாட்டினேன்.

எட்டு மணிக்கு மேலே போனேன். அங்கிள் தரையில் குந்தியிருந்தார். அவரைச் சுற்றித் தேனீக்கள் மல்லாந்து சுழன்றுகொண்டிருந்தன. வெளியே போயிருந்தவை காலில் மஞ்சள் மகரந்தத்தோடு திரும்பி வந்து, பானைக்குள் நுழைந்து, சற்று நேரத்தில் வெளியே தவழ்ந்து வந்து விழுந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பழைய பேப்பரில் போட்டார்.

"மறந்துபோனன் அங்கிள்."

"உங்களுக்கு எத்தனை வேலை, மகள்" என்றார் நிமிராமலே.

எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. கீழே வந்து பருப்பை அடுப்பில் வைத்தேன்.

பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வந்தது. உடனே புகை அடிப்பித்ததற்காக எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள். மூன்றாம் மாடி அன்ரியின் பாகற்கொடி பூத்துப் பூத்துக் கொட்டியது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. உரம் சரியில்லை என்று குறைப்பட்டார். ஓம், உரம்தான் என்றேன்.

அடுத்த மழைக்கு மறுபடி புகை அடிக்க வேண்டி வந்தது. லிஃப்ட் மறுபடி நின்றுபோயிருந்தும், முதல் நாள் பின்னேரமே ஐந்து மாடியும் ஏறினேன். போன தடவை நான் மறக்கவில்லை என்ற உண்மையை இந்தத் தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று, படிகளில் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் கதவைத் திறந்தார்.

"அங்கிள், நாளைக்குக் காலமை புகை அடிக்கினம்."

"நல்லது. அந்தப் புள்ள எப்படி, ஸ்கூலுக்குப் போகுதா?"

"ஓம், போறா."

"சந்தோஷம்" என்றார். "இனி எனக்காக இவ்வளவு படி ஏறாதீங்க மகள். மேல மூடுறதுக்கு ஒன்னும் இல்ல."