முன்சுவருக்குக் கட்டிய கயிறு

சாய்ந்தமருதில் கரைவலை இழுத்துப் பிழைத்த அபூசாலிக்கு மூன்று பெண்மக்கள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை வந்தபோது, மனைவி ஹவ்வா உம்மாவின் சீதன வீடு அவளுக்குச் சீதனமாகப் போனது. இரண்டாமவளுக்கு மாடாய் உழைத்து ஒரு வீடு கட்டினார். மருமகன்மார் கட்டிலில் கால் நீட்ட, மாமனாரும் மாமியும் பாயைச் சுருட்டிக்கொண்டு தென்னோலைக் கிடுகு வேய்ந்த குடிலுக்குப் போனார்கள். இதில் அவருக்குத் துளி வருத்தமும் இல்லை, பெருமைதான்!

குடிலுக்குப் பக்கத்திலேயே கடைசி மகள் ஸுலைஹாவுக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளையின் வாப்பா, கல்முனையில் புடவைக்கடை வைத்திருந்த சம்மந்தி மீராமுகைதீன், வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வருவார். தெருவில் நின்றபடியே அண்ணாந்து பார்ப்பார், உறுமுவார், போய்விடுவார். அதனால் அபூசாலி முன்சுவரை மட்டும் முகடுவரை உயர்த்திப் பூவேலையும் செய்வித்தார். மற்றச் சுவர்கள் இடுப்பளவில் நின்றன.

எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, சூறாவளி வருகிறதென்று ரேடியோ அலறியது. சீமெந்து மூட்டைகளை இரண்டாவது மகள் வீட்டுக்கு ஏற்றினார்கள். பலகைகளை இறக்கிக் கட்டிப்போட்டார்கள். தனியாக நின்ற முன்சுவரின் மேல்வரிசைக் கற்களையும் இறக்கிவிடலாம் என்றார் சுவர் கட்டிய பாண்டிருப்பு மேசன் பாக்கியராசா.

"நாளைக்கு வெள்ளிக்கிழம. மொட்டச் சுவரப் பாத்தா சம்மந்தி என்ன நினைப்பாரு?" என்று அபூசாலி சீறினார். மேசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அபூசாலி கடற்கரை வாடியில் கிடந்த கரைவலைக் கயிற்றை இழுத்து வந்து சுவரைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். முட்டுக்கொடுக்க மரம் போதவில்லை. குடிலைத் தாங்கி நின்ற கப்புகளைப் பிடுங்கத் தொடங்கினார்.

"நாம படுக்கிற குடிலயுமா புடுங்குறீங்க?" என்று ஹவ்வா உம்மா பதறினாள்.

"வாய மூடு. குடில் போனா இன்னொண்டு கட்டலாம். சுவர் உழுந்தா கலியாணமும் உழுந்திரும்."

அன்றிரவு ஸுலைஹாவோடு மூவரும் பள்ளிவாசலில் ஒதுங்கினார்கள். விடிந்து வந்து பார்த்தால் தென்னைகள் தலையில்லாமல் நின்றன. குடில் இருந்த இடத்தில் தண்ணீர். முன்சுவர் மட்டும் முட்டுகளுக்கு நடுவே அசையாமல் நின்றது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அபூசாலி குதித்தார். ஹவ்வா உம்மா சேற்றில் சோற்றுப்பானையைத் தேடினாள்.

அன்று ஜும்ஆவுக்கு முன்பே மீராமுகைதீன் குடும்பத்தோடும் மூட்டை முடிச்சுகளோடும் வந்து சேர்ந்தார். அவர் இருந்த வீட்டின் கூரை பறந்துவிட்டதாம். அதுவும் மனைவியின் சீதன வீடுதான் என்பது வேறு கதை. முன்சுவரோடு சேர்த்துப் படங்குச் சீலையைக் கூரையாகக் கட்டி, கீழே பாயை விரித்து நடுவில் உட்கார்ந்தார்.

"மகன்ட ஊடுதானே, சம்மந்தி. கூரைய மட்டும் கெதியாப் போடுங்க. அது சரி, நீங்க எங்க இரிக்கப்போறீங்க?"

அபூசாலி மழையில் நனைந்தபடி, "நாங்க எங்கயாவது..." என்று இளித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த ஸுலைஹா விறுவிறுவென்று உம்மாவிடம் போனாள். அவள் கையைப் பிடித்துப் படங்குக்குள் கூட்டிவந்தாள்.

"மாமா, கொஞ்சம் தள்ளி இரிங்க. உம்மாவும் வாப்பாவும் நடுவில இரிக்கட்டும். இது எனக்குக் கட்டுற ஊடு. உங்கட மகன் இஞ்ச வந்து இரிக்கப்போறவர்."

"நிக்காஹ் இன்னும் முடியல்ல புள்ள. யோசிச்சுக் கதை," என்றார் மீராமுகைதீன்.

"ஓம் மாமா, முடியல்ல. அதான் இப்பவே சொல்றன்."

மீராமுகைதீன் வெளியே கொட்டிய மழையைப் பார்த்தார். பிறகு பாயோடு ஓரமாக நகர்ந்தார்.

"வாப்பா, உள்ளுக்கு வாங்க," என்று ஸுலைஹா கூப்பிட்டாள். அபூசாலி அசையவில்லை. வரச்சொல்வாரா என்று சம்மந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு மழையில் நின்றார்.