அக்காவின் தறியும் மாமாவின் சீமைக் காரும்

என் அக்கா காசியம்மாள் வாயில்லாப் பூச்சி என்று ஆரணியில் எவனாவது சொன்னால் அவனை என்னிடம் அனுப்புங்கள். எழுபத்தெட்டாம் வருஷம் அவள் கடப்பாரை தூக்கியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன காரால் வந்தது. அவள் புருஷன் பன்னீர்செல்வம், என் மாமா, வெம்பாக்கத்து நிலத்தை விற்று மெட்ராஸிலிருந்து ஒரு பழைய சீமைக் காரை ஓட்டிவந்தார். ஏதோ ஜமீன்தார் ஏறிய காராம். கூரையைத் திறந்துவிட்டால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகை கொட்டும் என்றார். கொட்டியது ஆயில்தான். முதல் ஊர்வலத்திலேயே நடுத்தெருவில் நின்றுபோய், மாப்பிள்ளை வீட்டார் மாமாவின் சட்டையைக் கிழித்து அனுப்பினார்கள்.

அப்புறம் ரிப்பேர், ரிப்பேர், ரிப்பேர்! கிளட்சுக்கு அக்காவின் கம்மல் போயிற்று. ரேடியேட்டருக்குக் கறவை மாடு. மெட்ராஸ் புதுப்பேட்டையில் அலைந்து வாங்கிவந்த சாமான் பொருந்தாது, மறுபடி பஸ் ஏறுவார். "வித்துத் தொலைங்க மாமா" என்றேன். ஜாக்கி ராடால் என் முதுகில் ஒன்று வைத்தார். நான் சும்மா இருப்பேனா? அவர் முன்பல்லை ஆட்டிவிட்டேன். நடுவில் விழுந்து பிரித்த அக்காவுக்குத்தான் அடி அதிகம்.

அவளுக்கென்று மிச்சம் இருந்தது தறி ஒன்றுதான். வீட்டில் அடுப்பு எரிந்ததே அதனால்தான். காரின் இஞ்சின் ஒரேயடியாக உட்கார்ந்ததும் மாமாவின் கண் அதன்மேல் விழுந்தது. பெரணமல்லூரிலிருந்து தறி வாங்க ஓர் ஆளைக் கூட்டிவந்து நின்றார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"ஒரு முழந்தாங்க பாக்கி. சேலைய முடிச்சிட்றேன். மொதலாளி குடுத்த பட்டுங்க அது" என்று கெஞ்சினாள் அக்கா.

"ஆளு காத்துகினு கீறான், ஏந்திரிடி!"

கத்தரியை எடுத்து, தறியில் இழுத்துக் கட்டியிருந்த பட்டு நூலை நறுக்கென்று வெட்டினார். எங்கள் தெருவில் எந்தக் குடிகாரனும் பாதிச் சேலையில் கத்தரி வைத்ததில்லை.

அக்கா அழவில்லை. கொல்லைக்குப் போய்க் கடப்பாரையோடு வாசலுக்கு வந்தாள். முதல் அடியில் காரின் முன்கண்ணாடி சிதறியது. தறி வாங்க வந்தவன் எடுத்தான் ஓட்டம். விளக்குகளை உடைத்தாள், கதவைக் குத்திக் கிழித்தாள். பானட்டின்மேல் ஓங்கியபோது, "ஐயோ, என் வண்டி!" என்று மாமா அதன்மேல் குப்புற விழுந்தார். ஓங்கிய கை நிற்கவில்லை. அவர் தோள் எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது.

அத்தனை வருஷத்தில் என் அக்காவுக்காக ஓர் அடி தாங்காத மனுஷன்!

"பலராமா, வண்டிய எடுடா, ஜல்தி!" என்று என்னைப் பார்த்து அலறினாள். சாவியைத் திருகினேன். சனியன் இருமக்கூட இல்லை. கண்ணமங்கலம் வழியாகப் போகும் வேலூர் பஸ்ஸில்தான் ஏற்றினோம். வழியெல்லாம் அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள், உங்களுக்கு ஒண்ணுன்னா நானும் செத்துடுவேன் என்று. எனக்கு வயிறு எரிந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபிறகு மாமா கண்ணைத் திறந்தார். அக்கா ஆசையாகக் குனிந்தாள்.

"வண்டி எப்டிடீ கீது?" என்றார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் புகட்டினாள்.

"அத நான் போய்ப் பாத்துக்கறேங்க" என்றாள்.

அடுத்த பஸ்ஸில் ஆரணிக்குப் போய், பானட்டில் தொடங்கி மிச்சம் எல்லாவற்றையும் உடைத்தாள். பிறகு கை கழுவிவிட்டுத் தறியில் உட்கார்ந்து, அறுந்த நூலை ஒவ்வோர் இழையாக முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.