கொம்பையாவின் பக்கத்தில் வராத படம்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கிறது பலராமன் டீக்கடை. முதல் ஷிஃப்ட் விடும் நேரத்தில் அங்கே ஐந்து நிமிடம் நின்றால் போதும், கொம்பையா உங்களிடம் வந்துவிடுவான். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டைத் திருப்புவான். பின்பக்கம் ஒட்டியிருக்கும் கட்டம் கட்டமான க்யூஆர் கோடைக் காட்டி, உங்கள் போனில் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்வான். நீங்கள் பார்ப்பீர்கள். அறுபது வயது தாண்டிய ஒரு அம்மாவின் முகம் வரும். படம் தெரிகிறதா என்று கேட்பான். தெரிகிறது என்றால் போதும், நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பயந்து ஒதுங்குவார்கள். ஸ்கேன் செய்தால் பேங்கில் இருக்கும் காசு போய்விடும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். பழையவர்கள் கிறுக்கன் என்பார்கள். நான் ஊரில் எல்லோரையும் கிண்டல் செய்கிறவன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வராது.

என் பெயர் தசரதன். மண்ணூர்க்காரன். எங்கள் நிலம் கம்பெனிக்குப் போனது, நானும் பின்னாலேயே கம்பெனிக்குப் போனேன். கொம்பையா சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். பத்து வருடமாக இரண்டு பேரும் ஸ்டோர்ஸில் ஒன்றாக வேலை பார்க்கிறோம். அதிர்ந்து பேசத் தெரியாதவன். ரூமில் ஒரு பழைய லேப்டாப் வைத்துக்கொண்டு, தானாகவே இணையப் பக்கம் எழுதக் கற்றுக்கொண்டான். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு பக்கம், எங்கள் ஸ்டோர்ஸ் கிரிக்கெட் டீமுக்கு ஒரு பக்கம். பெட்டி தூக்குகிறவனுக்கு எதற்குடா வெப்சைட்டு என்று கேட்பேன். சிரித்துக்கொண்டு அடுத்த பெட்டியைத் தூக்குவான்.

ஸ்டோர்ஸ் வேலை என்றால் ஸ்கேன் செய்வதுதான். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஸ்கேன் செய்தால் உள்ளே என்ன, எத்தனை, எந்த ரேக் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. பத்து வருடம் இதையே செய்கிறவனுக்கு, ஸ்கேன் ஆகிவிட்டால் சரக்கு வந்துவிட்டது என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போகும். எனக்கும் அது இருந்தது.

அவன் அம்மா கோமதியம்மாளுக்கு இரண்டு வருடமாக ஞாபகம் தப்பிப்போய்க்கொண்டிருந்தது. ஊரில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஒரகடத்துக்கே கூட்டிவந்து, தன் ஒற்றை ரூமில் வைத்துக்கொண்டான். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, நான் இன்னும் போய்ப் பார்த்திருக்கவில்லை. அவன் ஷிஃப்டுக்குப் போனால், பக்கத்து ரூமில் இருக்கும் உலகம்மாள் பார்த்துக்கொள்வாள். அவள் வேறொரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். ஒரு புதன்கிழமை காலையில், வேலை முடிந்து வந்த அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள். எழுந்து பார்த்தபோது அடுத்த ரூம் கதவு திறந்து கிடந்தது. செருப்பு இல்லை, அம்மாவும் இல்லை.

எங்கள் பக்கத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். வெளியே காலை வைத்தால் கண்டெய்னர் லாரிகள். அதைத் தாண்டினால் சுவர் கட்டிப் போட்டிருக்கும் காலி மனைகள், ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம், பள்ளம் தோண்டிய ஏரி. ஒரு ஆள் விழுந்தால் ஒரு வாரத்துக்குத் தெரியாது. போதாததற்கு அந்த மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் புரளி வேறு. வழி தெரியாமல், பாஷை மாறி, யார் வீட்டு வாசலிலாவது நின்று உள்ளே எட்டிப் பார்க்கிற கிழவியை என்ன செய்வார்கள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. கொம்பையாவுக்கு எப்படி இருந்திருக்கும்.

போலீசில் எழுதிக் கொடுத்தான். அடுத்து நோட்டீஸ் அடிக்கப் போனான். ஜெராக்ஸ் கடையில் அம்மா முகம் வெறும் மை அப்பலாக வந்தது, மூக்கு எது கண் எது என்று தெரியவில்லை. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. நோட்டீஸிலிருந்து படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் க்யூஆர் கோடு போட்டான். ஸ்கேன் செய்தால் அவன் எழுதிய பக்கம் திறக்கும், அதில் கலர் படம் இருக்கும். பெயர் கோமதியம்மாள், வயது அறுபத்து மூன்று, நீலப் புடவை, ஒரு போன் நம்பர். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண்ணும் அடியில் வைத்தான். வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பேன்டா என்றேன். மாட்டேன் என்றான். எங்கள் கம்பெனியில் ஒருவர் மகன் காணாமல் போய் மறுநாளே கிடைத்துவிட்டான், அந்தப் படம் மூன்று வருடமாக இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் பக்கத்தின் லிங்க் மட்டும் எல்லா குரூப்புக்கும் போனது.

வியாழக்கிழமை காலை நோட்டீஸ்களைப் பிரித்துக்கொண்டோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரைக்கும் அவன் ஒட்டினான். மண்ணூர் பஸ் ஸ்டாப் சுவரில் நான் ஒட்டினேன். ஒட்டி முடித்ததும் என் போனில் ஸ்கேன் செய்தேன். எழுத்தெல்லாம் வந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கட்டம், அதன் மூலையில் கிழிந்த தாள் மாதிரி ஒரு குறி. என் நெட் அப்படித்தான், சிக்னல் வந்தால் படம் வரும் என்று நினைத்துக்கொண்டு போனைப் பாக்கெட்டில் போட்டேன். அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் மண்ணூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வழக்கம்போலச் செங்கமலம் அக்கா டிபன் கடையில் இரண்டு போண்டா தின்றேன். பின்கட்டில் ஒரு அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அரக்கு பார்டர் போட்ட பச்சைப் புடவை. அக்கா புது ஆள் வைத்திருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவனுக்குப் போன் வந்தது. ஏரியில் வயதான பெண் உடல் ஒன்று கிடைத்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வந்து பார் என்றார்கள். நான் அரை நாள் லீவு போட்டு, பைக்கில் அவனைக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அவன் இரண்டு கையும் என் சட்டையைப் பிடித்திருந்தன. பிணவறை வாசலில் நான் நின்றுவிட்டேன், உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை. அவன் தனியாகப் போனான். வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தான்.

"கையில பச்ச குத்தியிருந்துச்சு. எங்கம்மைக்குக் கெடையாதுண்ணே" என்றான்.

சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. யாரோ ஒருவருடைய அம்மா உள்ளே கிடந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

அந்த மூன்று நாளும் அவன் தன் போனைத் தொடவே இல்லை. கையில் வைத்திருப்பான், திறக்க மாட்டான். திறந்து எதையாவது பார்த்தால் சார்ஜ் இறங்கிவிடும், அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்துவிடும் என்று பயம். ரூமில், உலகம்மாள் போனிலிருந்து நெட் வாங்கி, லேப்டாப்பில்தான் பக்கத்தைத் திறந்து பார்ப்பான். அம்மா அதில் பளிச்சென்று இருந்தாள். அடியில் எண் ஏறிக்கொண்டே போனது. சனிக்கிழமை அது முந்நூற்றைத் தாண்டியது. ஒரு அழைப்பும் இல்லை.

ஷிஃப்ட் முடிந்து நான் டீக்கடைக்கு வந்தபோது கொம்பையா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டீ ஆடை படிந்து ஆறியிருந்தது.

"முந்நூறு பேரு எங்கம்ம மொகத்தப் பாத்துட்டாங்க. ஒருத்தர் கண்ணுலகூடப் படலன்னா, என்னண்ணே அர்த்தம்? வெளிய எங்கயும் இல்லன்னுதான" என்றான்.

 போன் நம்பரைச் சரியாகப் போட்டிருக்கிறானா என்று பார்ப்போம் என்று என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நம்பர் சரியாகத்தான் இருந்தது. பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

"நம்பரு கரெக்டாத்தான் கீது. படந்தான் எனுக்கு வர்ல. என் நெட்டு அப்படித்தான்டா."

அவன் என் போனைப் பிடுங்கினான். கொம்பையா ஒருவர் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி நான் பார்த்ததில்லை. அந்தக் கட்டத்தைப் பார்த்தான். பலராமனிடம் போனைக் கேட்டு வாங்கினான், அதிலும் கட்டம். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் வாங்கினான், அவற்றிலும் கட்டம். அதில் ஒருவர், நேற்றே பார்த்தேன் தம்பி, என் டேட்டா தீர்ந்துபோச்சு, அதனால வரலைன்னு நினைச்சேன் என்றார். முந்நூறு பேரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். யாரும் அம்மாவைப் பார்க்கவே இல்லை.

ரூமுக்கு ஓடினோம். லேப்டாப்பைத் திறந்து, எழுதியதை வரி வரியாகப் பார்த்தான். படம் வரும் வரிக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். பக்கத்துக்குள் படம் கிடையாது, படம் இருக்கும் இடத்தின் விலாசம் மட்டும்தான் இருக்கும். அவன் எழுதியிருந்த விலாசம் அவனுடைய லேப்டாப்பில் இருக்கும் ஃபோல்டர். லேப்டாப்பில் திறந்தால் படம் வரும், வேறு எங்கே திறந்தாலும் வராது. படத்தை இணையத்தில் ஏற்றவே மறந்திருந்தான். எங்கள் ஸ்டோர்ஸ் பாஷையில் சொன்னால், மூன்றாவது ரேக்கில் சரக்கு இருக்கிறது என்று எழுதிச் சீட்டை மட்டும் லாரியில் ஏற்றிவிட்டான். சரக்கு ரேக்கிலேயே கிடந்தது.

என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். படத்தை ஏற்றினான், சைஸ் பெரியது என்று திருப்பி அனுப்பிவிட்டது. அவசரத்தில் இரண்டு தடவை தப்பான இடத்தில் அமுக்கினான். சைஸைக் குறைத்து மறுபடி ஏற்றி, விலாசத்தை மாற்றி எழுதிச் சேமித்தான். என் போனில் திறந்தோம். அதே கட்டம்.  பிறகு அவனுக்கே ஞாபகம் வந்து, போன் சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கத்தையே காட்டுகிறது, அதை அழித்துவிட்டுத் திறங்கள் என்றான். அழித்தேன், திறந்தேன்.

மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வகிடு, குங்குமம் இல்லாத நெற்றி, ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிய புருவம், சிரிப்பு. கோமதியம்மாளின் முகத்தை நான் முதல்முதலாக அப்போதுதான் பார்த்தேன்.

நோட்டீஸ் ஒட்டிய இடங்களுக்கே திரும்பப் போய், மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லலாம் என்று கிளம்பினோம். அவன் பலராமன் வண்டியை வாங்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போனான். நான் மண்ணூர் போனேன். செங்கமலம் அக்கா அடுப்பில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தது. அந்த நோட்டீஸை அன்றைக்கே பார்த்தேன் என்றது. பின்கட்டில் ஒரு அம்மா இருக்கிறார்கள், புதன்கிழமை வந்து பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் பேரும் வேறு, புடவையும் வேறு, ஸ்கேன் செய்தால் படமும் வரவில்லை என்றது. வார்டு மெம்பரிடம்கூடச் சொல்லி வைத்திருந்ததாம்.

நான் போனை அதன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தது. அடுப்பை அணைத்தது.

"இவுங்கதான்பா. ஆனா பேரு முப்பிடாதின்னு சொல்லிகினு இருந்தாங்களே" என்றது.

நான் பின்கட்டுக்கு ஓடினேன். பச்சைப் புடவை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. முன்னால் போய் முகத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் தூக்கிய புருவம்.

போன் செய்ததும் கொம்பையா அரை மணி நேரத்தில் வந்தான். வண்டிக்கு ஸ்டாண்டு போடாமல் அப்படியே சாய்த்துவிட்டு ஓடினான். அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கய்யா போயிட்ட நீ? ஒன்னக் காணாம நான் பயந்தே போயிட்டேன்" என்றாள்.

அவன் அவள் மடியில் தலையை வைத்து அழுதான். செங்கமலம் அக்காவும் அழுதது. நான் வெளியே வந்து சாய்ந்து கிடந்த வண்டியைத் தூக்கி நிறுத்தினேன்.

பெயர் விஷயம் பிறகுதான் தெரிந்தது. பிறந்த வீட்டில் அவள் பெயர் முப்பிடாதி. மாமியார் பெயரும் அதுவே. மாமியார் பெயரைச் சொல்லி மருமகளைக் கூப்பிடுவது அவர்கள் பக்கம் வழக்கமில்லை என்பதால், கல்யாணத்தன்றே கோமதி என்று மாற்றிவிட்டார்கள். ஆதார் கார்டிலும் அதுதான். ஞாபகம் பின்னால் போகப் போக, அவளுக்குத் தன் பழைய பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. அன்று கல்யாண வீட்டுக்குப் போவதாக நினைத்து, நீலப் புடவையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அதிலிருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டியிருக்கிறாள். பெயர் தப்பு, புடவை தப்பு. முகம் ஒன்றுதான் சரியாக இருந்தது, அது ரேக்கில் கிடந்தது.

வெளியே பூட்டு போட்டுவிட்டுப் போ என்று எல்லோரும் அவனிடம் சொல்கிறார்கள். அம்மாவை வைத்துப் பூட்ட அவனால் முடியவில்லை. அதனால் பயமும் அவனை விடவில்லை. அந்தப் பக்கத்தை அவன் எடுக்கவில்லை. இரண்டு பெயரும் எழுதியிருக்கிறான், புடவை நிறத்தை எடுத்துவிட்டான், மாதம் ஒருமுறை புதுப் படம் ஏற்றுகிறான். தன் போனையும் லேப்டாப்பையும் நம்புவதில்லை. ஊரார் போனில் தெரிந்தால்தான் தெரிகிறது என்று கணக்கு.

தினமும் என்னிடமும் வந்து கேட்பான். அவன் கேட்பதற்கு முன்பே திறந்து வைத்திருப்பேன். தெரிகிறது என்பேன். என் வார்த்தை போதாமல், குனிந்து அவனே ஒருமுறை பார்ப்பான். மற்றவர்கள் யாரும் படம் வரவில்லை என்று சொல்லவில்லையே, நீங்கள்தானே அண்ணே முதல்முதலாகச் சொன்னீர்கள் என்று இன்றைக்கும் நன்றியோடு சொல்வான். வியாழக்கிழமையே பார்த்துவிட்டேன் என்று அவனிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.