அக்கா ஊற்றிக் கொடுத்த சுக்குத் தண்ணீர்

அக்காவின் உயிர் பிரிந்தபோது உடன் இருந்தவர்கள்: மாமா. அக்காவின் மகள் கலாமணி. தாராபுரத்துச் சித்தப்பா. பக்கத்து வீட்டுச் சரசு. தம்பி நான்.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நெஞ்சு வலிக்கிறது என்றார். கார் வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். துக்கம் கேட்க வந்தவர்களில் பலர், "பழைய நோவு திரும்பிருச்சுங்களா?" என்று கேட்டீர்கள். அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது சொல்கிறேன். அந்த நோய் திரும்பவே இல்லை. முதலாண்டு நினைவு நாள் மலரில் எழுதச் சொன்னார்கள். எனக்கு எழுத்து அதிகம் வராது. தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது தாராபுரத்துக்குப் பக்கத்தில், அமராவதித் தண்ணீர் ஏறாத மேட்டுக்காட்டில். வீட்டுக்கு மூத்தவர். அம்மா காட்டு வேலைக்குப் போய்விடுவார். என்னை இடுப்பில் வைத்து வளர்த்தது அக்காதான். கல்யாணமாகிப் போன இடத்திலும் மழை இல்லை. கிணறு வற்றியது. மாமா மாடுகளை விற்றுவிட்டுக் கருமத்தம்பட்டியில் இரண்டு தறி போட்டார். அக்கா தறிக்கு நூல் தார் சுற்றினார். பிறகு என்னையும் அழைத்துக்கொண்டார். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி அக்காவின் குரல் பெரிதாகிவிட்டது. அவர் ரகசியம் சொன்னால் தெருவுக்கே கேட்கும்.

கொடுக்கிறவரிடம் சொல்ல அக்காவுக்கு வாயில் வராத வார்த்தை ஒன்று உண்டு. வேண்டாம் என்பது. விருந்தில் வயிறு நிறைந்த பிறகும் பரிமாறுகிறவர் முகத்தைப் பார்த்து இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார். "அவிய ஆசையாக் குடுக்கறாங்க தம்பி, எப்படி மறுக்கறது?" என்பார்.

கலாமணி பன்னிரண்டாவது படித்த வருடம் அக்காவின் மார்பில் கட்டி வந்தது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். அதற்கு மேல் ஆறு ஊசி போட வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒன்று என்றார்கள். ஊசி என்றால் நாம் நினைக்கிற ஊசி அல்ல. பாட்டிலில் ஏற்றுவது. ஏற்றிய அடுத்த நாளே தாளிக்கிற வாசம் அக்காவுக்கு ஆகவில்லை. கலாமணி கொல்லைப்புறத்தில் அடுப்பு வைத்துச் சமைத்தாள். குடிக்கிற தண்ணீர் இரும்பு மாதிரி இருக்கிறது என்றார். வாந்தி நிற்க மாத்திரை கொடுத்தார்கள். வாந்தி குறைந்தது. மலம் கட்டிக்கொண்டது.

மூன்றாவது ஊசி முடிந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார்கள். நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. சித்தப்பா நிலவாகைப் பொடி கொண்டு வந்து வெந்நீரில் கலக்கிக் கொடுத்தார். சரசு கடுக்காய்க் கஷாயம் கொண்டு வந்தார். இரவு மாமா விளக்கெண்ணெய் கொடுத்தார். மூன்றும் வயிற்றை இளக்குவது. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. அக்கா மூன்றையும் குடித்தார். மூன்று பேரிடமும், "நல்லாருக்குதுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். முதல் வரியில் எழுதிய அதே ஆட்கள்தான் அன்றும் கட்டிலைச் சுற்றி நின்றோம்.

ஊசி போடுகிற டாக்டரம்மா கேட்டார். "நான் எழுதிக் குடுத்தது தவிர வேற ஏதாச்சும் குடுத்தீங்களா?"

அக்கா கட்டிலில் இருந்தபடி, "ஒண்ணுமில்லீங்க. கஞ்சி மட்டுந்தான்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டது.

"எது குடுத்தீங்கன்னு தெரியாம நான் எதை நிறுத்தறது? இப்படி இருந்தா அடுத்த ஊசி போட முடியாது. பாதியில நின்னா நோய் திரும்பலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

சித்தப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "நாந்தானுங்க. நெலவாகைப் பொடி. ஒரு ஸ்பூன்."

"ஐயோ, நான் கடுக்காய்க் கசாயம் குடுத்துப்போட்டனே!" என்றார் சரசு.

மாமா சுவரைப் பார்த்தபடி, "வெளக்கெண்ணெய்" என்றார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, நீங்களுமா?" என்றார் சித்தப்பா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அக்காதான் சிரித்தார். "மூணு தறி ஒண்ணா ஓடுனாப்பல இருந்துச்சுங்க சித்தப்பா, என்ற வயித்துல."

டாக்டரம்மா திட்டவில்லை. வயிற்றை இளக்குகிற எதுவும் கூடாது என்றார். பச்சையாக அரைத்த தழை எதுவும் கூடாது, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கிறது என்றார். நான் சுக்கு கொடுக்கலாமா என்று கேட்டேன். கொதிக்க வைத்து, வடிகட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம் என்றார். மாத்திரையை நிறுத்தக் கூடாது. புதிதாக எது கொடுத்தாலும் முதலில் தன்னிடம் கேட்க வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா என்னை அருகில் கூப்பிட்டார். "போதும் தம்பி. என்னால ஆகல. மிச்ச ஊசி வேண்டாம்னு சொல்லிப்போடு."

"நான் சொல்ல மாட்டனுங்க்கா. வேண்டாம்னா நீங்களே டாக்டரம்மாகிட்டச் சொல்லிருங்க" என்றேன்.

காலையில் டாக்டரம்மா வந்தார். நாடி பார்த்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தார். மூடினார். பிறகு, "அடுத்த ஊசிக்கு எப்ப வரோணுங்க?" என்று கேட்டார்.

கோட்டைமேட்டில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த ராவுத்தரிடம் சுக்கு வாங்கப் போனேன். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். "டாக்டர்கிட்டக் கேட்டாச்சுங்களா?" என்றார். சுக்கு மட்டும் கொடுக்கச் சொன்னார்கள் என்றேன். "அப்பச் சுக்கு மட்டும் கொண்டுட்டுப் போங்க. மேல்தோலைச் சீவிப்போட்டுத் தட்டிப் போடுங்க" என்றார். கடை நிறைய மருந்து இருந்தது. வேறு எதையும் அவர் விற்கப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் பார்க்க வருகிறவர்கள் குறையவில்லை. கொண்டு வருவதும் குறையவில்லை. வாசலில் நான் நின்று சொல்லிவிடுகிறேன் என்றேன். "நீ சொன்னா அடிச்சாப்பல இருக்கும்" என்றார் அக்கா. அவரே ஒரு வழி செய்தார். கொண்டு வந்ததை இரண்டு கையாலும் வாங்குவார். கலாமணி அலமாரியில் வைப்பாள். உடனே அக்கா சுக்குத் தண்ணீரை டம்ளரில் ஊற்றி வந்தவரிடம் நீட்டுவார். "நான் தனியாக் குடிச்சா எறங்க மாட்டீங்குதுங்க. நீங்களும் ஒரு வாய்."

வந்த வீட்டில் கொடுத்ததை மறுக்க நம் பக்கத்தில் யாருக்கு வாய் வரும்? இனிப்பில்லாத சுக்குத் தண்ணீர். கண் கலங்கக் குடித்தீர்கள்.

"எனக்கென்னத்துக்கு அம்மணி? நான் நல்லாத்தான இருக்கறேன்?" என்று சித்தப்பா தப்பிக்கப் பார்த்தார்.

"நெலவாகைய நான் குடிச்சனுங்களா இல்லீங்களா?" என்றார் அக்கா.

சித்தப்பா குடித்தார்.

நீங்கள் ஒரு வாய் குடித்தால் அக்கா ஒரு வாய் குடிப்பார். பேச்சு ஓடும். சிறிது நேரம் கழித்துக் கலாமணி குழையவிட்ட கஞ்சி கொண்டு வருவாள். நான்கு கரண்டி உள்ளே போகும். சுக்கா, மாத்திரையா, நீங்கள் கூட உட்கார்ந்ததா, எதனால் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கஞ்சி வயிற்றில் நின்றது. அது போதும்.

நான்காவது ஊசி ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். ஐந்தாவது ஊசியை நாள் தவறாமல் போட்டார்கள். ஆறாவதுக்குப் போனபோது எடை சற்றுக் கூடியிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவுக்குப் பசித்தது. சோமனூர்ப் பிரிவில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். கடைக்குள் தாளிக்கிற வாசம் வந்தது. அக்கா மூக்கை மூடவில்லை. "கடுகு கருகுது பாருங்க" என்று கடைக்காரரிடம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

அதன் பிறகு கலாமணி கல்யாணத்தை அக்காவே நின்று நடத்தினார். பேரனைக் குளிப்பாட்டினார். தறிக்கும் வந்தார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கு அந்த ஊசி போட்டாலும் போய்ப் பார்ப்பார். சுக்கு கொண்டு போவார். கொடுப்பதற்கு முன், "டாக்டர்கிட்டக் கேட்டீங்களா?" என்று அந்தத் தெருவுக்கே கேட்கும்படி கேட்பார். கேட்கவில்லை என்றால் சுக்கைத் திருப்பிக் கொண்டு வந்துவிடுவார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: டாக்டரம்மா, நர்சுகள். ஊசிக்குப் போகும்போது அக்காவுக்காக முன் சீட்டைக் காலியாக வைத்திருந்த பஸ் கண்டக்டர். ராவுத்தர். அடுப்பைக் கொல்லைக்கு மாற்றிய கலாமணி. உண்மையைச் சொன்ன சித்தப்பா, சரசு, மாமா. அலமாரி நிறையக் கொண்டு வந்த நீங்கள் எல்லோரும். அதில் ஒருவர் பிரண்டைக் கொடி கொண்டு வந்தார். அக்கா அதை வேலியில் ஊன்றினார். இப்போது வேலி முழுவதும் படர்ந்திருக்கிறது. வேண்டியவர்கள் ஒடித்துக்கொண்டு போகலாம்.

இன்று இலை போடுவதற்கு முன் ஆளுக்கு ஒரு டம்ளர் சுக்குத் தண்ணீர் கலாமணி கொடுப்பாள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாவது ஊசிக்குப் பிறகு அக்கா எங்களோடு உட்கார்ந்து உண்ட தைப்பொங்கல் ஏழு.