லா ஷப்பலிலிருந்து அமைச்சரின் பகோடாவுக்கு

நான் பாண்டிச்சேரிக்காரன், கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட். அது எப்படி வந்தது என்று தோண்டிக்கொண்டே போனால் பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு அமைச்சர் ஒருவரிடம் போய் நிற்கும். ரோமிலும் வியன்னாவிலும் தூதராக இருந்தவர்; பிறகு வெளியுறவு, போர், கடற்படை எல்லாம் அவர் கையில். போரில் தோற்று கனடாவையே விட்டுக்கொடுத்த 1763 உடன்படிக்கையில், ஆங்கிலேயர் இடித்துப் போட்டிருந்த எங்கள் ஊரைத் திரும்ப வாங்கியது அவருடைய அரசாங்கம்தான். அவர் கட்டிய பகோடாவைப் பார்க்கவே போன அக்டோபரில் பாரிஸ் போனேன்.

பாரிஸில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியில், மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ பக்கம் அறை, நாளுக்கு 45 யூரோ. சாப்பாடு பக்கத்து பிலிப்-து-ஜிரார் தெருவில், தவம் அண்ணை கடையில். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. திங்கட்கிழமை கடை லீவு. "வாங்கோ தம்பி, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று காரை எடுத்துவிட்டார். பகோடா இருப்பது அம்புவாஸ் ஊருக்கு வெளியே, ஒரு வழிக்கு 230 கிலோமீட்டர். போக வர பெட்ரோலும் சுங்கமும் நூறு யூரோ ஆனது.

வழியில் போன் அடிக்கும்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டினார். ஊரில் அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில்.

"ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரலாமே அண்ணே?"

"அகதி எண்டு இஞ்சை தந்த பத்திரத்திலை எங்கையும் போகலாம் தம்பி. அங்கை மட்டும் ஏலாது."

பகோடா என்பது சீன பாணியில் ஏழடுக்குக் கல் கோபுரம். அரசர் ஒருநாள் அமைச்சரைப் பதவியிலிருந்து தூக்கி, இங்கிருந்த பண்ணை மாளிகைக்கு விரட்டிவிட்டார். பாரிஸில் கால் வைக்கக்கூடாது. அரசர் முறைப்பதைப் பொருட்படுத்தாமல் பெரிய மனிதர்கள் பலர் தேடிவந்து பார்த்தார்கள். அந்த நன்றிக்குத்தான் இதைக் கட்டி, வந்தவர்களின் பெயர்களைப் பளிங்கில் வெட்டி வைத்தார். மாளிகை இன்று இல்லை.

"எத்தினை வருசம் இருந்தவர்?" அண்ணை கேட்டார்.

"மூணரை வருசம்ணே. ராஜா செத்ததும் பாரிஸ் போக விட்டுட்டாங்க."

"அவ்வளவுதானோ?"

உச்சிவரை ஏறிவிட்டு இறங்கும்போது மறுபடி போன். அம்மா போய்விட்டார். திரும்பும் வழியில் போன் அடித்தாலும் அவர் வண்டியை ஓரங்கட்டவில்லை.

புதன் காலை அண்ணை வீட்டு மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை, வந்தவர்கள் கழற்றிப்போட்ட செருப்பும் சப்பாத்தும் அத்தனை. யாழ்ப்பாணத்துச் செத்தவீடு டி.வி.யில் நேரலையாக ஓடியது. வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. அங்கே அண்ணையின் தம்பி போட்டார். இங்கே அண்ணை ஒரு பிடி அரிசியோடு எழுந்து டி.வி. வரைக்கும் போனார். திரையில் அம்மாவின் முகம். எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றார். அரிசி விரலிடுக்கில் வழிந்து தரையில் சிந்தியது. எனக்குத் தாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "வந்த ஆக்களின்ரை பேரை ஏன் வெட்டி வைச்சவர் எண்டு இப்ப விளங்குது தம்பி."

போகிறவர்களுக்கு: குளிர்காலத்தில் பகோடாவை மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள். ரயிலில் போனால் அம்புவாஸில் இறங்கி மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும். மேலே ஏறும் அவசரத்தில் அந்தப் பெயர்களைப் படிக்காமல் வராதீர்கள். சென்னைக்குத் திரும்பக் கொழும்பு வழி டிக்கெட் மலிவு. நானும் அதைத்தான் எடுத்திருந்தேன். அண்ணையால் இறங்க முடியாத மண்ணில், அடுத்த விமானத்துக்காக மூன்று மணி நேரம் காப்பி குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.