'வர்றேன் சார்' என்று சொன்ன வாய்

அவளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர் 'இன்னிக்கு டீச்சர்'. நேற்று வரவில்லை, நாளை வருவாளா தெரியாது, இன்று வந்திருக்கிறாள். பிள்ளைகளின் கணக்கு அவ்வளவு சுத்தம். பெரியவர்கள்தான் 'மாற்று ஆசிரியை' என்று நீட்டி முழக்குவார்கள். முழக்கிவிட்டு, ஆசிரியர் அறையில் உட்கார ஒரு நாற்காலி கொடுக்க மாட்டார்கள். "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று ஒரு பள்ளியில் அவள் காதுபடவே ஒருத்தி சொன்னாள். "சர்க்கரைன்னாவது சொன்னீங்களே, சந்தோஷம்" என்று இவள் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் காலியாகக் கிடந்த நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

வேலை அவளுக்குக் கைவந்த கலை. எந்தப் பள்ளிக் கரும்பலகை பளபளத்துப்போய் எழுத்தே விழாது, எந்தப் பள்ளியில் சாக்பீஸ் அலமாரிச் சாவி தலைமையாசிரியரின் இடுப்பை விட்டு இறங்காது என்பதெல்லாம் அத்துப்படி. அதனால் பையில் சொந்தச் சாக்பீஸ், சொந்த டஸ்டர், ஒரு விசில். வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் ஆழம் பார்ப்பார்கள்.

"எங்க மிஸ் இந்த பீரியட்ல விளையாடத்தான் விடுவாங்க டீச்சர்."

"அப்படியா? உங்க மிஸ் என்கிட்ட வேற மாதிரி சொன்னாங்களே. விளையாட விடுவாங்கன்னு எவன் முதல்ல சொல்றானோ, அவனை போர்டுக்குக் கூப்பிடுங்கன்னாங்க. வாப்பா, வா."

மிஸ்ஸை இவள் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டாள். ஆனாலும் அதற்கப்புறம் வகுப்பு அவள் சொன்னபடி கேட்கும்.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரே ஒரு பலவீனம், போன். மாற்று ஆசிரியர்களுக்கு வேலை போனில்தான் வரும். விடிந்தும் விடியாததுமாகக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிடுவார். எல்லாரும் அவரைப் போன்காரர் என்றே சொல்வார்கள். மணி இரண்டாம் முறை அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். 'எந்தப் பள்ளிக்கூடம் சார்?' என்று கேட்டால்கூடப் பெருமூச்சு விட்டுக்கொண்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். ஆகையால் அவள் தலையணைக்கடியில் போனை வைத்துப் படுப்பாள், மணி அடித்ததும் கண்ணைத் திறக்காமலே எடுப்பாள், "வர்றேன் சார்" என்பாள். எங்கே, என்ன பாடம், எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பிறகுதான். ஒருநாள் வங்கிக் கடன் வேண்டுமா என்று ஒரு பெண் கூப்பிட்டபோதும் "வர்றேன் சார்" என்றே சொல்லித் தொலைத்தாள். பெயர்ப்பலகை எழுதுகிற அவள் புருஷனுக்கு அது போதாதா? ஒரு வாரம் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் "வர்றேன் சார்"தான் பதில்.

நிரந்தரம் ஆவதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒரே பள்ளியில், ஒரே வகுப்பில், ஒரு முழுப் பருவம் இடைவெளி விழாமல் வேலை பார்த்தால் அந்த இடத்தை அவருக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அலுவலகமா கொடுக்கும்? பருவம் முடிகிற சமயம் பார்த்துப் போன்காரர் கூப்பிட்டு, "நாளைக்கு ஒருநாள் நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று தேனொழுகச் சொல்வார். அந்த ஒருநாளைக்கு வேறு ஆளை அனுப்புவார்கள். மறுநாள் பழையபடி இவர்களே போகலாம். ஆனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதற்கு மாற்று ஆசிரியர்கள் வைத்திருந்த பெயர் 'கத்தரி'.

இன்னிக்கு டீச்சருக்கும் ஒருமுறை கத்தரி விழுந்தது. பிரசவ லீவில் போன ஒருத்தி வேலையையே விட்டுவிட, அந்த வகுப்பை இவள் கண்ணும் கருத்துமாக நடத்திக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கத்தரி விழுந்த அன்று அவள் வகுப்புக்குப் போய் நின்றவர் கணக்கு சார். அவரும் மாற்று ஆசிரியர்தான். இஸ்திரி போட்ட சட்டை, நாலு வார்த்தைக்கு மேல் ஐந்தாவது வார்த்தை பேசாத மனுஷன். "யாரோ போகத்தானே போறாங்க, நான் போனேன்" என்று பஸ் நிறுத்தத்தில் சொன்னதோடு சரி. பாவி மனுஷன்! அன்றிலிருந்து அவரைக் கண்டால் அவளுக்கு எரியும்.

அப்படி இருக்கையில்தான் சங்கத்திலிருந்து சேதி வந்தது. அதுவரை ஆசிரியர் சங்கத்தில் மாற்று ஆசிரியர்களுக்கு இடமில்லை. கூட்டத்துக்குப் போனால் கதவோரம் நின்று கேட்கலாம், கைதட்டலாம், அவ்வளவுதான். புதிதாக வந்த செயலாளரம்மா அதை மாற்றினார். எல்லாரையும் உறுப்பினராக்கி, முதல் கூட்டத்திலேயே நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கத்தரியைப் பிடிச்சிருக்கிற கை அவங்களோடதுதான். ஆனா வெட்டுறது நம்மளை வச்சுத்தான். ஒருத்தர் இடத்துக்கு இன்னொருத்தர் போகலைன்னா அவங்களால என்ன பண்ண முடியும்? வகுப்பை ஆளில்லாம விடக் கூடாது, அதுவும் சட்டம்தான். பழைய ஆளையே கூப்பிட்டுத்தான் ஆகணும்."

"வர மாட்டேன்னா பேரை எடுத்துட மாட்டாங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கூப்பிட்டதும் முடியாதுன்னு சொன்னா எடுக்க முடியாது. வர்றேன்னு சொல்லிட்டு அப்புறம் வரலைன்னாத்தான் எடுப்பாங்க. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க."

அடுத்த கத்தரி யாருக்கு என்று பார்த்தால், கணக்கு சாருக்கு. அவருடைய பருவம் முடிய ஒருவாரம் இருந்தது. கத்தரி விழுந்தபோது யார் யாருடைய நாளை அவர் எடுத்துக்கொண்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவரும் தலையைக் குனிந்துகொண்டு சட்டைக் கையை நீவிக்கொண்டிருந்தார்.

இன்னிக்கு டீச்சர்தான் எழுந்தாள். "இவருக்காகன்னு நினைக்காதீங்க. இவருக்கு நான் ஒண்ணும் மாலை போட வரலை. இன்னிக்கு இவருக்கு விழுகிற கத்தரி நாளைக்கு உங்களுக்கு விழாதா? போன்காரர் லிஸ்ட்ல முதல் பேரு என்னோடதுதான். முதல்ல என்னைத்தான் கூப்பிடுவாங்க. முடியாதுன்னு நான் சொல்றேன். அப்புறம் உங்களுக்கு என்ன பயம்?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அன்று அவள் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தாள். வந்தவள் ஒத்திகை பார்க்கத் தொடங்கினாள். புருஷன் பெயின்ட் டப்பாவைத் தட்டி "ட்ரிங், ட்ரிங்" என்பான். அவள் அடுப்படியிலிருந்து "முடியாது சார்!" என்பாள். துணி காயப்போடும்போது "ட்ரிங்". "முடியாது சார்!" ஒருவாரத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "புருஷனை சார்னு கூப்பிட்டுத்தான் சண்டை போடுவீங்களா?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

அந்த நாள் விடிந்தது. தலையணைக்கடியில் போன் அதிர்ந்தது. கண் திறக்கவில்லை, கை எடுத்தது, வாய் சொன்னது:

"வர்றேன் சார்."

"கணக்கு சார் ஸ்கூல். நேரத்துக்குப் போயிடுங்க" என்று சொல்லிப் போன்காரர் வைத்துவிட்டார்.

அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். "ஐயையோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் புருஷன் தூக்கத்தில் கட்டிலை விட்டே இறங்கிவிட்டான்.

"என்னடி ஆச்சு?"

"சொல்லிட்டேங்க. வர்றேன்னு சொல்லிட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது பொய்யா? அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். மெதுவாகச் சொன்னான்: "போயிட்டுத்தான் வாயேன். அந்த ஆளு உனக்குச் செஞ்சதுதானே? இப்ப மாட்டேன்னா உன் பேரை எடுத்துடுவாங்க. தூக்கக் கலக்கத்துல வாய் தவறிடுச்சுன்னு சங்கத்துல சொல்லிக்கலாம்."

சொல்லிக்கலாம்தான். நம்பவும் நம்புவார்கள், அவள் போன் எடுக்கிற லட்சணம் ஊருக்கே தெரியும். மனசு ஒரு நொடி அந்தப் பக்கம் போகத்தான் செய்தது. பஸ் நிறுத்தத்தில் அவர் சொன்ன 'யாரோ போகத்தானே போறாங்க' காதில் விழுந்தது. தான் இன்று போனாலும் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியதும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த வார்த்தையை அவள் எத்தனை நாள் திட்டியிருக்கிறாள்!

அலுவலகத்துக்கு இங்கிருந்து யாரும் கூப்பிட்டது கிடையாது. கூப்பிடுவது அவர்கள், எடுப்பது இவர்கள், அதுதான் முறை. அவள் கூப்பிட்டாள்.

"சார், இன்னிக்கு டீச்சர் பேசறேன். நான் வரலை."

"இப்பத்தானேம்மா வர்றேன்னீங்க?"

"பழக்க தோஷம் சார். நீங்கதான் பழக்கினீங்க. அது கணக்கு சார் வகுப்பு. அவர் நல்லாத்தான் இருக்கார், அவரையே அனுப்புங்க."

"வர்றேன்னு சொல்லிட்டு வரலைன்னா என்ன ஆகும்னு தெரியும்ல? பேரை எடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

"தாராளமா எடுங்க சார். அழறதா இருந்தா வீட்லயே அழுதுக்கறேன்."

போனை வைத்தாள். புருஷன் போய் டீ போட்டுக்கொண்டு வந்தான். அவளுக்குத் தெரிந்து அவன் டீ போட்டது அதுதான் முதல்முறை. வாயில் வைக்க முடியவில்லை. இருந்தாலும் குடித்தாள்.

அன்று போன்காரர் பட்ட பாடு நாய் படாது. அடுத்த பெயர், முடியாது. அதற்கடுத்த பெயர், முடியாது சார். ஒருத்தி, "இன்னிக்கு டீச்சரே வரலைன்னுட்டாங்களாமே, நான் எப்படி சார்?" என்றாளாம். அதற்குள் எப்படித்தான் பரவியதோ! கடைசியில் பள்ளி மணி அடிக்கப்போகிற சமயத்தில் கணக்கு சாருக்கே போன் வந்தது. அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் நிறுத்தத்தில்தான் நின்றிருந்தார். பருவம் முடிந்தது, இடைவெளி விழவில்லை, அவர் நிரந்தரம் ஆனார். அவர்களில் கத்தரியிடமிருந்து தப்பிய முதல் ஆள் அவர்தான்.

அவள் போன் அதன்பின் அடிக்கவில்லை. சொன்னபடியே பெயரை எடுத்துவிட்டார்கள். காலையில் பழக்கத்தில் விழிப்பு வந்துவிடும். போன் சும்மா கிடக்கும். பையில் சாக்பீஸ் ஈரம் பட்டு நமத்துப்போனது. வருத்தமாக இருந்ததா என்றால், இருந்தது. பிள்ளைகள் இல்லாத பகல் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. செய்தது தப்போ என்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை.

ஒருநாள் மாலை கணக்கு சார் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. சட்டைக் கையை நீவினார்.

"அன்னைக்கு உங்க நாளை நான் எடுத்திருக்கக் கூடாது" என்றார். அவருக்கு அது பெரிய சொற்பொழிவு.

"கூடாதுதான்" என்றாள் அவள். விட்டுக்கொடுத்துப் பேச அவளுக்கு மனசில்லை. "சரி, டீ குடிக்கறீங்களா? பயப்படாதீங்க, நான்தான் போடப்போறேன்."

"வேண்டாம். ஒரு சந்தேகம் கேட்க வந்தேன். லீவு எப்படிப் போடணும்? நான் போட்டதே இல்ல."

மாற்று ஆசிரியருக்கு ஏது லீவு? இவளுக்கும் தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டார்கள்.

"செயலாளரம்மாவைக் கேளுங்க" என்றாள். எதற்கு லீவு என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் விடியற்காலையில் தலையணைக்கடியில் போன் அதிர்ந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் தன் பாட்டுக்கு 'வ' என்று திறந்தது. அவள் இடது கையால் அதைப் பொத்திக்கொண்டாள். போன் இரண்டாம் முறை அடித்தது, மூன்றாம் முறையும் அடித்தது. போன்காரர் வைக்கவில்லை. நிதானமாக எடுத்தாள்.

"என்னம்மா, எடுக்க இவ்வளவு நேரமா?"

"சொல்லுங்க சார்."

"உங்க பேரைத் திரும்பச் சேர்த்தாச்சு. செயலாளரம்மா ரெண்டு நாளா ஆபீஸ்லயே உட்கார்ந்துட்டாங்க. நான் யாரைக் கூப்பிட்டாலும், முதல்ல இன்னிக்கு டீச்சரைக் கூப்பிடுங்க, அப்புறம் நாங்க வர்றோம்ங்கறாங்க. ஒருத்தர்கூட அசையலை. எனக்கும் வயசாகுதும்மா."

"எந்தப் பள்ளிக்கூடம் சார்?"

மறுமுனையில் பெருமூச்சு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"கணக்கு சார் ஸ்கூல். அவர் லீவு."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வாரம். உடம்புக்கு ஒண்ணும் இல்லையாம். சும்மா லீவு வேணுமாம். அவர் இடத்துக்கு உங்களைத்தான் அனுப்பணுமாம். இப்பவே சொல்லிட்டீங்கன்னா நான் அடுத்த வேலையைப் பார்ப்பேன்."

அன்று வாசலில் அவர் கேட்ட லீவு எதற்கென்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

புருஷன் பதறிக்கொண்டு எழுந்தான். "ஏய், உனக்கென்ன கிறுக்கா? அவங்களே கூப்பிட்டிருக்காங்க, போய் யோசிக்கறேங்கறே!"

"சும்மா இருங்க. அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிட்டு வர்றேன்னு சொல்லத்தான் போறேன்" என்றாள். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நமத்துப்போன சாக்பீஸ்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "அந்த அஞ்சு நிமிஷம் மட்டும் அவர் காத்துக்கிட்டு இருக்கட்டும்."